ஆறாவது லைனின் சிவப்புப் பட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த சமயம். கொல்கத்தாவுக்கு வெளியே, சாந்த்ராகாச்சியைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் சரக்கு யார்டில், மதியம் மூன்று மணி வாக்கில் நடந்தது இது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து, இஞ்சி டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் வெளியே ஒரு மனிதர், நான் எழுதிய புரோகிராமை நம்பி, ஒரு வேகனுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா அலிப்பூரில் மத்திய அரசு ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். "ரெண்டே வருஷம், திரும்பிப் போயிடலாம்" என்று அம்மாவிடம் சொல்லிக் கூட்டிவந்து, ரிட்டயர் ஆகும் வரை இங்கேயே இருந்துவிட்டார். நான் பிறந்தது, படித்தது, சண்டை போடக் கற்றுக்கொண்டது எல்லாம் கொல்கத்தாதான். கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துப் பெங்காலியில் முடிப்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தொழில், ஜாவாவில் புரோகிராம் எழுதுவது. எல்லோரும் வெப்சைட், செல்போன் ஆப் என்று ஓடிவிட்ட காலத்தில், மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற பெரிய பெரிய புரோகிராம்களை எழுதுகிற கொஞ்சப் பேரில் நானும் ஒருத்தி. அதில் எனக்கு நல்ல மண்டைக்கனம் உண்டு. அந்த மதியம் மூன்று மணி வரை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த யார்டில் எட்டு லைன்கள். எந்த லைனில் எந்த வேகன் நிற்கிறது என்பதை அதுவரை கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு பெரிய திரையில் மொத்த யார்டையும் மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் கம்பெனிக்கு வந்த வேலை. ஒவ்வொரு வேகனும் தனித்தனிக் கலரில், மேலே நம்பரோடு தெரியும். மவுஸை உருட்டினால் கிட்டே வரும், தள்ளிப் போகும். இவ்வளவையும் ஜாவா தானே வரைந்தால் திணறிவிடும். அதனால் வரைகிற வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைத்துவிட்டு, அது வரைகிற படத்தை ஜாவா விண்டோவின் நடுவில் பதித்திருந்தேன். சுற்றிலும் இருக்கும் மெனு, பட்டன், லிஸ்ட் எல்லாம் ஜாவா வரைவது. நடுவில் இருக்கும் படம் மட்டும் கார்டு வரைவது.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வேகனுக்கு அடியில் போய் பிரேக் பார்க்கிற ஃபிட்டர், போவதற்கு முன்னால் லைன் ஓரத்துக் கம்பத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். அழுத்தியதும் திரையில் அந்த லைனின் நீளத்துக்கும் ஒரு சிவப்புப் பட்டை விழும். உள்ளே ஆள் இருக்கிறார், இன்ஜினை விடாதே என்று அர்த்தம். அவர் வெளியே வந்து மறுபடி அழுத்தினால் பட்டை போய்விடும். அந்தப் பட்டையை ஜாவா வரைந்து, படத்தின் மேல் போட்டுக்கொண்டிருந்தது.

ஒப்படைக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் யார்டு மேனேஜர் போன் செய்தார். சிவப்புப் பட்டை விழுந்தால் கீழே இருக்கிற வேகன் நம்பரெல்லாம் மறைந்துபோகிறது, கண்ணாடிப் பேப்பர் மாதிரி அடியில் இருப்பது தெரியும்படி செய்ய முடியுமா என்று கேட்டார். இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன். ஒரே ஒரு வரியை மாற்றி, என் லாப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். ரொம்ப அழகாக வந்தது. லேசான சிவப்புக்கு அடியில் நம்பர்கள் பளிச்சென்று தெரிந்தன. அதைப் போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பவும் செய்தேன். அவர் கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை யார்டுக்குப் போய், அங்கே இருந்த கம்ப்யூட்டரில் அந்தப் புதிய புரோகிராமை ஏற்றினேன். மெனு, லிஸ்ட், வேகன் நகர்வது எல்லாவற்றையும் சோதித்தேன். பட்டையை மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டுமானால் ஒருவரை அந்த மழையில் லைனுக்கு அனுப்பிப் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். நேற்றுதான் பார்த்தாயிற்றே, பாவம், எதற்கு ஒருவரை நனைய வைப்பது என்று விட்டுவிட்டேன். பெரிய கருணை.

கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து இன்ஜினுக்கு அனுமதி கொடுக்கிறவர் ஒரு சூப்பர்வைசர். கரக்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதல் நாள் நான் அம்மாவிடம் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "அட, நம்மாளா நீங்க? இத்தன நேரம் எங்கிட்ட ஹிந்தில உயிர வாங்கிட்டிருந்தீங்களே" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணா, அவருக்கு நான் மேடம்.

யார்டுக்குள் வேகன்களைத் தள்ளி, இழுத்து, மாட்டுகிற ஷண்டிங் வேலையை எனக்கு விளக்கியவர் அவர்தான். "இன்ஜின் பின்னாடி இருந்து தள்ளும்போது டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது மேடம். முன்னாடி வேகன்ல ஒரு ஆளு நின்னுக்கிட்டு வாக்கி-டாக்கில சொல்லிக்கிட்டே வருவான். இன்னும் பத்து காடி தூரம் இருக்கு, ஒம்போது காடி இருக்குன்னு. அந்தக் குரல்தான் டிரைவருக்குக் கண்ணு. குரல் நின்னா வண்டி நிக்கணும். குரல் சரியாக் கேக்கலேன்னாலும் நிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது. அவ்வளவுதான்."

காடி என்றால் இங்கே ஒரு வேகன். தூரத்தை அடியிலோ மீட்டரிலோ சொல்ல மாட்டார்கள், வேகன் கணக்கில்தான் சொல்வார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். என் புரோகிராமுக்கு இது தேவையில்லாத விஷயம் என்று நோட்டில்கூட எழுதிக்கொள்ளவில்லை.

அன்று மதியம் ஆறாவது லைனில் நாலு வேகன்கள் தனியாக நின்றுகொண்டிருந்தன. இன்ஜின் இன்னொரு லைனிலிருந்து ஒரு நீளமான வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்த நாலோடு சேர்த்து மாட்ட வேண்டும். சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். ஆறாவது லைனில் நாலு வேகன்கள், மேலே நம்பர்கள், வேறு ஒன்றும் இல்லை. வாக்கி-டாக்கியை எடுத்து, "சே நம்பர் க்ளியர், ஆனே தோ", ஆறாம் நம்பர் காலி, வரட்டும் என்று அனுமதி கொடுத்தார். பின்னால் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து யாரிடமோ போனில் என் திரையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் ஒப்படைப்புப் பேப்பரில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

வாக்கி-டாக்கியில் முன் வேகன்காரரின் குரல் வர ஆரம்பித்தது. பந்த்ரா காடி. சௌதா காடி. பதினைந்து வேகன் தூரம், பதினாலு வேகன் தூரம் என்று ராகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்கு நடுவில் சூப்பர்வைசர் மெயிலில் வந்த ஏதோ ஒரு வேகன் லிஸ்டைப் பார்ப்பதற்காக என் விண்டோவைச் சுருக்கினார். லிஸ்டைப் பார்த்தார். மறுபடி விண்டோவை விரித்தார். விரிந்த அந்தக் கணத்தில், யார்டுப் படம் வந்து உட்காருவதற்கு முன்னால், வெறும் திரையில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்து மறைந்தது. கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது. அவர் லிஸ்டில் பார்த்த நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார், அதனால் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆட் காடி, என்றது குரல். எட்டு.

கையிலிருந்த சிவப்பு டீக்கப்பைக் கீழே வைத்தேன். ஜாவா விண்டோவைச் சாப்பாட்டு மேஜையில் விரித்த பேப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாவா வரைவதெல்லாம் அந்தப் பேப்பரில்தான். கிராஃபிக்ஸ் கார்டு வரைகிற படமோ பேப்பர்மேல் வைத்த தட்டு. பேப்பரில் நீங்கள் என்ன எழுதினாலும் அது தட்டுக்கு அடியில் போய்விடும். கெட்டியான நிறத்தில் ஒன்றை வரைந்தால் மட்டும் ஜாவாவே பார்த்துத் தட்டில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு வழிவிடும். அடியில் இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிய நிறத்தில் வரைந்தால் வழிவிடாது. முந்தின நாள் நான் மாற்றிய அந்த ஒரு வரி, கெட்டிச் சிவப்பை மெல்லிய சிவப்பாக்கிய வரி.

அப்படியானால் என் லாப்டாப்பில் எப்படித் தெரிந்தது? என் லாப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு தகராறு. அதனால் அதில் மட்டும் தட்டே வைக்காமல், படத்தையும் பேப்பரிலேயே மெதுவாக வரையும்படி நான்தான் செட் செய்து வைத்திருந்தேன். இந்தப் பேப்பர், தட்டு விஷயத்தைப் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு வாய் கிழியப் பாடம் எடுக்கிறவளும் நான்தான். உங்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவு வரிகள் ஆகின்றன. அப்போது எனக்கு அது ஒரே கணத்தில் புரிந்துவிட்டது. காலையிலிருந்து யார் பொத்தானை அழுத்தியிருந்தாலும் திரையில் தெரிந்திருக்காது.

புரிந்ததே, உடனே கத்தினேனா என்றால், இல்லை.

இதைத்தான் நான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். மனதுக்குள் என்னென்ன ஓடியது தெரியுமா? பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார். நிறுத்துங்கள் என்று சொல்லி, ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டால் எவ்வளவு அசிங்கம். ஒருவேளை டீக்கப்பின் சிவப்பு திரையில் பட்டுத் தெரிந்திருக்குமோ. எதற்கும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்வோம். இப்படியெல்லாம் யோசித்து, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று மவுஸை அவரிடமிருந்து சாதாரணமாக வாங்கினேன். என் குரலில் ஒரு நடுக்கமும் தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஸாத் காடி. ஏழு.

விண்டோவைச் சுருக்கினேன். சே காடி. ஆறு. மறுபடி விரித்தேன். இந்த முறை எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவைத்துப் பார்த்தேன். சிவப்புப் பட்டை வந்தது. மேலிருந்து ஆறாவது வரி. வந்த வேகத்தில் படம் வந்து அதை மூடியது. அதன்மேல் நாலு வேகன்களும் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தன.

பாஞ்ச் காடி, என்றது குரல். ஐந்து.

"அண்ணா, ஆறுல ஆள் இருக்காங்க."

சூப்பர்வைசர் திரையைப் பார்த்தார். அதில் சிவப்பே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். எப்படித் தெரியும், யார் சொன்னது, எதையும் கேட்கவில்லை. வாக்கி-டாக்கியைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினார். நிறுத்து என்று கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாயையே திறக்கவில்லை. பொத்தானை அழுத்தியபடி பிடித்துக்கொண்டே இருந்தார்.

ஒரே சமயத்தில் இரண்டு பேர் பொத்தானை அழுத்தினால் வாக்கி-டாக்கியில் யாருடைய பேச்சும் கேட்காது, கர்ரென்று இரைச்சல்தான் போகும். முன் வேகன்காரரின் குரலை அவர் அமுக்கிக்கொண்டிருந்தார். டிரைவருக்குக் குரல் தெளிவாகக் கேட்காவிட்டால் நிறுத்த வேண்டும். ஆனால் அழுத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் எங்களுக்கும் எதுவும் கேட்காது. இன்ஜின் நின்றதா, வந்துகொண்டிருக்கிறதா, மாட்டியே விட்டார்களா, ஒன்றும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மழைதான் வெள்ளையாகத் தெரிந்தது. மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எழுந்து நின்றார். சூப்பர்வைசரின் கட்டைவிரல் அழுத்தின அழுத்தில் வெளுத்துப் போயிருந்தது.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினேன். ஒரு செருப்பு ஜல்லியில் மாட்டி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "தாமோ, தாமோ" என்று பெங்காலியில் கத்திக்கொண்டே ஓடினேன். நில்லுங்கள், நில்லுங்கள் என்று நான் கத்தியது அந்த மழையில் எனக்கே கேட்கவில்லை.

வரிசை நின்றிருந்தது. முன் வேகனின் படிக்கட்டில் நின்றிருந்தவர் வாக்கி-டாக்கியைத் தட்டித் தட்டி, இது ஏன் இரைகிறது என்று எரிச்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த நாலு வேகன்களுக்கும் நடுவே இரண்டு வேகன் தூரம் இருந்தது. நாலாவது வேகனின் ஓரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சேற்றில், ஒரு சிவப்புக் கொடி கம்போடு விழுந்து கிடந்தது. ஃபிட்டர் கொடியும் நட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். காற்று அதைச் சாய்த்துவிட்டது.

குனிந்து பார்த்தேன். மூன்றாவது வேகனுக்கு அடியில் கம் பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுத்தியல் நின்றது. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், தலையில் கட்டிய கம்ச்சாத் துண்டில் கிரீஸ் வழிய வெளியே வந்தார். கொட்டுகிற மழையில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தார். பின்னால் இரண்டு வேகன் தூரத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"ஆமி தோ போதாம் டிபேசிலாம், தீதி."

நான் பொத்தானை அழுத்திவிட்டுத்தானே அக்கா போனேன் என்கிறார். உயிர் பிழைத்த ஆள், தப்பு தன்மேல் இல்லை என்று எனக்கு விளக்கம் சொல்கிறார். நான் அவரைத் திட்டுவதற்காக ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

எல்லோரும் கண்ட்ரோல் அறைக்கு வந்தோம். ஃபிட்டர் உள்ளே வராமல், தரை ஈரமாகிவிடும் என்று வாசலிலேயே நின்றார். மேனேஜர் கேட்ட முதல் கேள்வியும் அதேதான். என்னிடம் இல்லை, அவரிடம். நீ பொத்தானை அழுத்தினாயா? திரையில் ஒன்றுமே வரவில்லையே?

ஃபிட்டர் என்னைப் பார்த்தார். அது ஏன் வரவில்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். பொத்தான் சரியாக அமுங்கியிருக்காது, மழையில் தண்ணீர் போயிருக்கும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அப்படிச் சொல்லலாமே என்று ஒரு நினைப்பு எனக்குள் எட்டிப் பார்த்ததை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒருமுறை வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். "அவர் அழுத்தினார். புரோகிராம்தான் காட்டவில்லை. தப்பு என்னுடையது, நேற்று சாயங்காலம் நான் செய்தது" என்று பெங்காலியில் சொன்னேன். பேப்பர், தட்டு என்று விளக்கி, அவர் இன்னும் மறுபடி அழுத்தாததால் விண்டோவைச் சுருக்கி விரித்து, அந்தச் சிவப்பு வந்து மறைவதையும் காட்டினேன். மேனேஜர் தானே ஒருமுறை விண்டோவைச் சுருக்கி விரித்துப் பார்த்தார். பிறகு கரும்பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னார்.

அன்றைக்குக் கையெழுத்து ஆகவில்லை. எங்கள் ஆபீசில் எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் புரோகிராமை முழுதாகத் திருப்பி எழுதினேன். சிவப்பை இப்போது கிராஃபிக்ஸ் கார்டே படத்தோடு சேர்த்து வரைகிறது. அதைவிட முக்கியமான மாற்றம் வேறு. முன்பெல்லாம் என் திரையில் ஒரு லைன்மேல் ஒன்றும் இல்லாவிட்டால் போகலாம் என்று அர்த்தம். அவர்கள் வழக்கத்திலோ ஒன்றும் கேட்காவிட்டால் நிற்க வேண்டும் என்று அர்த்தம். நான் நோட்டில் எழுதாமல் விட்ட அந்த விஷயத்தைத்தான் கடைசியில் எழுதி வைத்தேன். இப்போது கம்பத்திலிருந்து உள்ளே ஆள் இல்லை என்று பதில் வந்தால்தான் அந்த லைனுக்குப் பச்சை வரும். பச்சை இல்லாத லைனுக்கு அனுமதி கிடையாது, வெறுமையாக இருந்தாலும்கூட.

பல நாள் சோதனைக்குப் பிறகு, நானே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு எட்டு லைனுக்கும் நடந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்த பிறகு, ஒப்படைத்தோம். கிளம்புகிற அன்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "ஏண்ணா, அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்ல? திரையில ஒண்ணுமே இல்லையே."

"கேட்டிருந்தா நீங்க அந்தப் பேப்பரு, தட்டுக் கதையெல்லாம் ஆரம்பிச்சிருப்பீங்க மேடம்" என்று சிரித்தார். "அதுக்குள்ள மூணு காடி தூரம் போயிருக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் மூணு காடி என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டு என்று குரல் சொன்னபோது எனக்குப் புரிந்துவிட்டது, ஐந்து என்று சொன்னபோதுதான் வாயைத் திறந்தேன். அந்த மூன்று வேகன் தூரம் மழையால் போனதல்ல, ஜாவாவால் போனதல்ல, என் கௌரவத்தால் போனது. மிச்சம் இருந்தது வெறும் இரண்டு. இதை அவரிடம் சொல்லவில்லை, அந்த ஃபிட்டரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டுவிடுவோமோ என்று என் வாய் தயங்குகிற போதெல்லாம் அந்தக் குரல் இன்னும் என் காதில் எண்ணத் தொடங்கிவிடுகிறது. இப்போதெல்லாம் எட்டு என்று கேட்கும்போதே நான் பேசிவிடுகிறேன்.